குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் நிதியும் மக்கள் கருத்தும்: புதுச்சேரி

குற்றத்துக்கு ஆளானவரின் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் அரசு தரும் பணம் பற்றியும், அதை வகுப்பதில் மக்கள் குரலுக்கு உள்ள இடம் பற்றியும் கூறும் கட்டுரை இது.

புதுச்சேரியில் இந்த வரலாறு பிரெஞ்சு நீதிமன்றத்தில் தொடங்குகிறது. பிரெஞ்சுக் குற்ற நடைமுறையில் அடிபட்டவரும் பொருளைப் பறிகொடுத்தவரும் ‘பார்த்தி சிவில்’ என்ற பெயரில் வழக்கில் தாமும் ஒரு தரப்பாகச் சேரலாம். தண்டனை தீர்மானிக்கும் அதே நீதிமன்றத்தில் நஷ்டஈடும் கேட்கலாம். 1954 நவம்பர் 1இல் ஆட்சி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நடந்தது. மறு ஆண்டில் இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இங்கும் விரிவாக்கப்பட்டது. அதோடு பாதிக்கப்பட்டவர் வெறும் அரசுத் தரப்புச் சாட்சியானார். அபராதத் தொகையில் ஒரு பங்கை அவருக்குத் தர நீதிபதி உத்தரவிடலாம். குற்றவாளி பிடிபடாவிட்டால் அதுவும் இல்லை. இது பெரிய இழப்பு; இணைப்பின் வரலாற்றைப் பேசுவோர் இதை அதிகம் பேசுவதில்லை.

அரசே பணம் தர வேண்டும் என்ற எண்ணம் நியூசிலாந்தின் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருப்பெற்றது. 1985இல் ஐ.நா. பொதுச்சபை அதை ஒரு பிரகடனமாக்கியது. தமிழ்நாடு 1995இலேயே இதற்கென ஒரு நிதியை ஏற்படுத்தியது. நாடு முழுமைக்குமான, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357-ஏ பிரிவு 2009 டிசம்பர் 31 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மாநில அரசு நிதித்திட்டம் வகுக்க வேண்டும். தொகையைச் சட்டப் பணிகள் ஆணையம் முடிவு செய்யும். குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் மனு கொடுக்கலாம். புதுச்சேரியின் திட்டம் 2012இல் வந்தது.

அதே ஆண்டு நவம்பரில் காரைக்காலில் ஓர் இளம்பெண் மீது அமிலம் வீசப்பட்டது. பார்வை போய், மூன்று மாதம் சென்னை மருத்துவமனையில் போராடி, 2013 பிப்ரவரியில் அவர் இறந்தார். தீக்காயச் சிகிச்சைக்குப் பணம் உடனே வேண்டும், வழக்கு முடியும்வரை அது காத்திருக்காது என்பதைப் புதுச்சேரி கண்ணெதிரே பார்த்தது. அந்த ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம், அமில வீச்சுக்கு ஆளானவருக்குக் குறைந்தது 3 லட்சம் ரூபாய், அதில் 1 லட்சம் 15 நாளுக்குள் என்று உத்தரவிட்டது.

மக்களிடம் முறையாகக் கருத்துக் கேட்ட பெரிய நிகழ்வு, டெல்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு. ஏறத்தாழ 80,000 யோசனைகள் வந்து குவிந்தன. 2013 ஜனவரியில் அறிக்கை வெளியானது. அதன் தொடர்ச்சியான சட்டத்திருத்தம், அமில வீச்சுக்கும் பாலியல் வன்கொடுமைக்கும் ஆளானோருக்கு எல்லா மருத்துவமனைகளும் இலவசச் சிகிச்சை தர வேண்டும் என்றது. மக்களைக் கேட்டால் சட்டம் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

பெண்களுக்கான தேசிய இழப்பீட்டுத் திட்டம் 2018 அக்டோபர் 2 முதல் நடப்புக்கு வந்தது. பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம். அதில் பொதுவாக முக்கால் பங்கு, குறைந்தது மூன்றாண்டு வங்கி வைப்பில் இருக்கும். கையில் கிடைக்கும் கால் பங்கில்தான் வாடகை, மருந்து, நீதிமன்றம் போய்வரும் பஸ் செலவு எல்லாம். வைப்புக் காலத்தை முடிவு செய்யும்போது முதலில் கேட்க வேண்டியது இப்படிக் கணக்குப் பார்த்து வாழ்பவர்களைத்தான்.

2024 மார்ச்சில் புதுச்சேரி நகரில் ஒரு சிறுமி கொல்லப்பட்டபோது மக்கள் தெருவில் இறங்கினர்; அரசு 20 லட்சம் ரூபாய் அறிவித்தது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் பழைய 357-ஏ, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 396ஆம் பிரிவாகிவிட்டது. மாநில அரசு மத்திய அரசோடு ஒருங்கிணைந்து திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. பாதிக்கப்பட்டவரோடும் கலந்து என்று அதில் இல்லை.