எழுத்து எந்தக் கணக்கில்?

1924இல் அச்சான ‘இந்திர மோகனா’ நாடகத்தை அதன் ஆசிரியை தன் கையால் எழுதவில்லை. வை. மு. கோதைநாயகிக்குப் பால்ய விவாகம், பள்ளிக்கூடம் போனதில்லை. குழந்தைகளுக்குக் கதை கட்டிச் சொல்வதில் தேர்ந்தவர், கணவரோடு போய் நாடகங்கள் பார்த்தவர், ஆனால் பேனா பிடித்துப் பக்கம் பக்கமாக எழுதும் பழக்கம் அப்போது இல்லை. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். மறு ஆண்டே, நொடித்துக் கிடந்த ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை வாங்கி நடத்தத் தொடங்கினார். 1960இல் காலமாவதற்குள் 115 நாவல்கள். நடுவில் சங்கீதம், மேடைப்பேச்சு, காங்கிரஸ் வேலை, சிறைவாசம், திருவல்லிக்கேணியில் ஒரு குடும்பம். இவ்வளவையும் எப்படிச் சமாளித்தார் என்ற கேள்விக்கு நம் வாழ்க்கை வரலாறுகள் வைத்திருக்கும் பதில் ‘அயராத உழைப்பு’. அது பாராட்டு; விளக்கம் ஆகாது. அதே காலத்தில் அதே தெருக்களில் விடியற்காலை எழுந்து இரவு அடுப்பு மெழுகும் வரை அயராமல் உழைத்த எத்தனையோ பெண்கள் இரண்டு கதையோடு நின்றுபோனார்கள், அல்லது ஒன்றுகூட எழுதவில்லை. உழைப்புக்கு எந்த வீட்டிலும் பஞ்சம் இருந்ததில்லை.

வீடு அந்த எழுத்தை எந்தக் கணக்கில் வைத்தது என்று பார்த்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது. ஒரு வீட்டில் எழுத்து வரவாக இருக்கலாம், பொழுதுபோக்காக இருக்கலாம், தேசத்தொண்டாக இருக்கலாம், குற்றமாகவும் இருக்கலாம். எழுதுகிறவருக்கு எந்த நேரம் கிடைக்கும், அந்த நேரத்தில் குழந்தை அழுதால் யார் எழுந்து போவார்கள், கதையில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்தே தீர்மானமாயின. எழுதுகிறவரின் திறமைக்கு இதில் பங்கில்லை என்பதல்ல. திறமை எத்தனை பக்கம் போகலாம் என்பதை இது முடிவு செய்தது.

வீட்டு வேலைக்கும் எழுத்துக்கும் இடையிலான இந்த இழுபறி எப்போதும் இருந்ததும் இல்லை. நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் கட்டிய பெண்களுக்கு வேலை வேறு, படைப்பு வேறு என்று இருக்கவில்லை. தாலாட்டு பாடுவதே பிள்ளையைத் தூங்கவைக்கும் வேலை. நடவுப் பாட்டு நாற்றுக்கட்டோடு வயலில் இறங்கியது. படைப்பு என்பது தாள், மை, ஓரிடத்தில் உட்காருதல், பத்திரிகைக்குக் குறித்த தேதி என்று ஆன பிறகே அதற்கென்று தனி நேரம் தேவைப்பட்டது. அந்த நேரத்தை வேறு எதிலிருந்தோ எடுக்கவும் வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே பெண்களுக்கென்று தமிழ் இதழ்கள் வந்துவிட்டன. 1928இல் எஸ். எஸ். வாசன் கைக்கு ஆனந்த விகடன் வந்தது, 1932இல் கலைமகள், 1941இல் கல்கி. இவற்றுக்கு இடைவிடாமல் கதை வேண்டும். வாங்கிப் படிப்பவர்களில் வீட்டுப் பெண்கள் பலர். ஆகவே அடுக்களையிலிருந்து வரும் தபாலுக்கு ஆசிரியர் மேசையில் இடம் கிடைத்தது.

கோதைநாயகியின் வீட்டில் எழுத்து முதல் சில ஆண்டுகளிலேயே வரவுக் கணக்குக்கு நகர்ந்துவிட்டது. அவருடைய தொடர்கதைகள் பத்திரிகைக்குச் சந்தா சேர்த்தன. பத்திரிகை நடக்க வேண்டுமானால் கதை வந்தாக வேண்டும். கதை வர வேண்டுமானால் அவர் உட்கார்ந்து எழுதியாக வேண்டும். கணவர் பார்த்தசாரதி நிர்வாகத்தில் தோள் கொடுத்தார் என்பதை அவருடைய பெருந்தன்மைக்குச் சான்றாக எழுதுவது வழக்கம். பெருந்தன்மை இருந்திருக்கும், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது ஒரு குடும்பத் தொழில் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நெசவு வீட்டில் தறியில் இருக்கும் பெண்ணை யாரும் ‘சும்மா உட்கார்ந்திருக்கிறாள்’ என்று சொல்லமாட்டார்கள். 1930களின் தொடக்கத்தில் மறியலில் கைதாகிச் சிறை போனபோது அங்கேயும் நாவல் எழுதினார். வெளியே பத்திரிகை நிற்கவில்லை. சமையலும் விருந்தினரும் குறுக்கிடாத பகல் பொழுது ஒரு குடும்பத் தலைவிக்குச் சிறையில்தான் வாய்த்தது என்பது கசப்பான வேடிக்கை.

இதே வரவுக் கணக்கின் இன்னும் அப்பட்டமான உதாரணம் ‘லட்சுமி’ என்ற பெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரி. மருத்துவம் படிக்கும்போது வீட்டில் பணத் தட்டுப்பாடு. விகடனில் கதை எழுதிய காசில் படிப்பைத் தொடர்ந்தார். எழுத்து இங்கே படிப்புக்கு இடைஞ்சல் அல்ல, கட்டணம். திருமணத்துக்குப் பின் தென்னாப்பிரிக்கா போய் மருத்துவத் தொழிலில் இருந்த நீண்ட காலத்தில் பழைய வேகம் இல்லை. 1977இல் திரும்பி வந்த பிறகே அது மீண்டது. அந்த நாட்டை வைத்து எழுதிய ‘ஒரு காவிரியைப் போல’ 1984இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது.

வருமானக் கட்டாயம் இல்லாத வீடுகளில் நடந்தது வேறு. அங்கே எழுத்து வீட்டுக்குள் நுழைந்தது பொழுதுபோக்கு என்ற வாசல் வழியாக. பாட்டு, கோலம், தையல் என்று பெண்ணுக்கு அனுமதிக்கப்பட்ட வரிசையில் கதை எழுதுவதும் ஒன்றாகச் சேர்ந்தது. ஸ்ரீரங்கத்து ஆசாரியக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட ‘குமுதினி’ என்ற ரங்கநாயகி கதரும் உடுத்தினார், கதையும் எழுதினார். புராண அரசிகள் பிறந்த வீட்டுக்குப் போடும் கடிதங்களாக அவர் எழுதிய ‘அந்தப்புரத் தபால்’ இந்த நிலைமையின் தர்மசங்கடத்தையே வடிவமாக்கிக்கொண்டது: அரண்மனைப் பெண்ணுக்கும் புடவைக் கவலை உண்டு, மாமியார் உண்டு. வீட்டுத் தொல்லை எழுத்தைத் தடுக்கிறது என்றால் அந்தத் தொல்லையையே எழுதிவிடுவது ஒரு சாமர்த்தியம். ‘அநுத்தமா’ ராஜேஸ்வரிக்கு மாமனார் துணை நின்றார். கலைமகள் போட்டியில் பரிசு பெற்ற ‘மணல் வீடு’, பஜனை மரபு கொண்ட ஒரு கிராமத்தை வைத்து ‘கேட்ட வரம்’ என்று எழுத்து நன்றாகவே விளைந்தது. ஆனால் வீட்டின் மூத்த ஆண் ‘எழுதட்டும்’ என்று ஒரு சொல் சொல்ல வேண்டியிருந்ததைக் கவனிக்காமல் போக முடியாது. பொழுதுபோக்குக்கு அனுமதி தரலாம், திரும்பவும் வாங்கிக்கொள்ளலாம். வரவுக்கு அப்படிச் செய்தால் வீடே நஷ்டப்படும்.

ஆண் எழுத்தாளர்களுக்கு மட்டும் சுகமாக இருந்ததா என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான கேள்வி. ந. பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்தார், தி. ஜானகிராமன் வானொலியில் வேலை பார்த்தார், சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். தமிழில் எழுதி மட்டும் பிழைத்தவர்கள் சொற்பம். ஆனால் இவர்கள் பங்கு போட்டுக்கொண்டது அலுவலகத்தோடு. வீட்டுக்குத் திரும்பியதும் இலையில் சாதம் இருந்தது. வித்தியாசத்தை நேருக்கு நேர் பார்க்க ஒரே குடும்பம் போதும். புதுமைப்பித்தனுக்கு எழுத்தால் வந்த வருமானம் அற்பம்; கடனும் இடமாற்றமும் நோயுமாகப் போய் 1948இல் இறந்தார். இருந்தும் அவர் எழுத்து ஒரு நாளும் பொழுதுபோக்காகக் கருதப்படவில்லை. காசு வராவிட்டாலும் அது தொழில். அவர் மனைவி கமலா விருத்தாசலமும் கதை எழுதினார். ‘காசுமாலை’ என்ற தொகுப்பே இருக்கிறது. அது சிறிய புத்தகம். கணவர் சென்னையில் எழுத்துப் பிழைப்புப் பார்த்த காலத்தில் பல சமயம் அவரைப் பிரிந்து இருந்தவர், அவர் போனபின் சிறு குழந்தையோடு நின்றவர். வரவைப் பொறுத்தவரை இருவர் எழுத்தும் ஏறத்தாழ ஒன்றுதான். பதிவான கணக்கு ஒன்றல்ல. ஆகவே வருமானம் மட்டுமே அளவுகோல் என்று சொல்ல முடியாது. யாருடைய நேரம் ஏற்கெனவே வேறொருவருக்குச் சொந்தம் என்பதும் அதில் இருக்கிறது.

இங்கேதான் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் எழுதும் பெண்ணுக்காக 1929இல் கேட்ட தனி அறையும் ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டும் நினைவுக்கு வரும். நம் வீடுகளில் அறை என்பதே அரிது. கூடமும் தாழ்வாரமும் அடுக்களையும்தான், ஆண்களுக்கும் தனியிடம் கிடையாது. ஆகவே அவர் கேட்டதில் அறையை விட்டுவிட்டுப் பணத்தை எடுத்துக்கொள்வது நமக்குப் பொருந்தும். பகல் சாப்பாடு முடிந்து ஆண்கள் வெளியே போயிருக்கும் இரண்டு மணி நேரத்தில் கூடமே அறையாகிவிடும். அந்த இரண்டு மணி நேரத்தை எழுதப் பயன்படுத்தலாமா, அப்பளம் இடப் பயன்படுத்த வேண்டுமா என்பதுதான் வழக்கு.

இன்னொரு மறுப்பு கனமானது. வரவுக் கணக்கில் போன எழுத்து என்னவாயிற்று? மாதம் தவறாமல் கதை கொடுத்தாக வேண்டியவரிடம் செறிவு எதிர்பார்க்க முடியுமா? 115 நாவல்களில் இன்று எத்தனை வாசிக்கப்படுகின்றன? இலக்கியச் சிறுபத்திரிகை மரபில் வந்தவர்கள் இதைக் குடும்பக்கதை என்று ஒதுக்கினார்கள். எழுத்தாளர் அம்பை இன்னும் கூர்மையாக, 1984இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வில், தமிழ் இலக்கியத்தில் பெண்ணுக்கு மாட்டப்பட்ட முகங்களை விசாரித்தார். அதன் தலைப்பிலேயே முகமூடி இருந்தது. சில ஆண்டுகள் கழித்து ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ என்ற கதையில் பெண்ணின் அதிகாரம் என்று நம்பப்படும் இடத்தையே கேள்விக்குள்ளாக்கினார். ஒதுக்கியவர்களைவிட அவர் சொன்னது பெரிது, ஏனென்றால் அது எழுத்தின் தரத்தோடு நின்றுவிடாமல் அதன் விலையைக் கேட்கிறது. பொழுதுபோக்காக அனுமதிக்கப்பட்ட எழுத்து வீட்டைச் சங்கடப்படுத்தக் கூடாது. வரவாக நடந்த எழுத்து சந்தாதாரர் வீட்டைச் சங்கடப்படுத்தக் கூடாது. இரண்டிலும் பொறுமைசாலி மனைவி கடைசி அத்தியாயத்தில் ஜெயிப்பது தற்செயல் அல்ல. அது ஆசிரியைகளின் கற்பனை வறட்சி என்று மட்டும் சொல்வது கொஞ்சம் அவசரம். அது அவர்கள் கட்டிய வாடகை.

வாடகை கட்டாமல் எழுதியவருக்கு என்ன கிடைத்தது என்பதற்கும் சான்று உண்டு. துவரங்குறிச்சியில் 13 வயதில் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்ட கவிஞர் சல்மாவுக்கு எழுத்து குற்றக் கணக்கில் இருந்தது. இரவில் கழிவறையில் எழுதினார், புனைபெயரில் ஒளிந்துகொண்டார், கவிதைகளை வெளியே சேர்க்க அம்மா உதவினார். 2000இல் கவிதைத் தொகுப்பு, 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. மிகக் குறைந்த நேரமும் மிக மோசமான இடமும் கொண்டவர் முன்னோடிகள் தொடாததையெல்லாம் தொட்டார். இது என் வாதத்தை உடைக்கிறதா? ஒரு பகுதியை உடைக்கிறது: நல்ல கணக்கு கிடைத்தால் நல்ல எழுத்து வரும் என்று நேர்கோடு போட முடியாது. அனுமதி வாங்காத எழுத்து யாருக்கும் கடமைப்பட்டதில்லை, ஆகவே அதற்கு நாக்கு நீளம். ஆனால் கழிவறையில் எழுதியவர்களில் வெளியே வந்து சேர்ந்தவரை மட்டுமே நாம் எண்ணுகிறோம். காகிதம் வெளியே சேராத வீடுகளில் எழுதப்பட்டவை எந்தத் தொகுப்பிலும் இல்லை. ஒடுக்குமுறை எழுத்தைக் கூர்மையாக்கும் என்று ஆறுதல் சொல்பவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக, யாருடைய கைகள் என்ற கேள்வி. இதுவரை சொன்ன பெயர்களில் பல பிராமணக் குடும்பங்களைச் சேர்ந்தவை. அந்த வீடுகளில் பலவற்றில் பாத்திரம் தேய்க்கவும் துணி துவைக்கவும் வேறொரு பெண் வந்துபோனார். ஓர் எழுத்தாளருக்குக் கிடைத்த பகல் பொழுது இன்னொருத்தியின் முதுகிலிருந்து வந்தது. இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. வீடு எழுத்தை வரவாகவோ பொழுதுபோக்காகவோ பதிவு செய்ய முதலில் அந்தப் பதிவேடு வைத்திருக்கும் அளவுக்கு வசதி வேண்டியிருந்தது. நாற்று நட்ட பெண் பாடினாள். அவள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை, சன்மானம் அனுப்பவும் இல்லை.

நாவலாசிரியர் ராஜம் கிருஷ்ணன் இந்த இடத்தில் தனித்து நிற்கிறார். பதினைந்து வயதில் திருமணம். கணவர் மின்பொறியாளர், வேலை நிமித்தம் ஊர் ஊராக மாற்றல். வேறு எந்தக் குடும்பத்திலும் தொல்லையாக இருந்திருக்கும் இந்த மாற்றலை அவர் களப்பணி ஆக்கிக்கொண்டார். நீலகிரியிலிருந்து படுகர் வாழ்க்கையைச் சொல்லும் ‘குறிஞ்சித் தேன்’ வந்தது. பிறகு கணவர் வேலைக்காகக் காத்திருக்காமல் தானே போய் விசாரித்து எழுதினார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிய ‘கரிப்பு மணிகள்’ அப்படிப்பட்டது. 1973இல் ‘வேருக்கு நீர்’ சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. பிள்ளைகள் இல்லாததும் கணவர் உடன்பட்டதும் அவருக்கு வழிவிட்டன என்று சொல்லலாம். ஆனால் வீட்டுப் பெண்ணின் எழுத்தை முழுநேர வேலையாக நடத்திக் காட்டி, மற்றவர் உழைப்பையும் அதன் பொருளாக்கியவர் அவர். அந்த வேலைக்கு ஓய்வூதியம் கிடையாது. கணவர் மறைந்த பின் சேமிப்பும் கரைந்து முதியோர் இல்லத்தில் இருந்தார். 2009இல் தமிழ்நாடு அரசு, வழக்கமாக மறைந்த எழுத்தாளர்களுக்குச் செய்வதை அவர் உயிரோடிருக்கும்போதே செய்து நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. அரை நூற்றாண்டு எழுத்துக்கு அவர் கையில் மொத்தமாகச் சேர்ந்த தொகை அப்போது வந்தது, மருத்துவச் செலவு நடந்துகொண்டிருக்கையில். 2014இல் காலமானார்.