பழவேற்காட்டுச் சுவரும் காந்தமும்

பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் குப்பங்களில் வீடு கட்டியவர்களுக்கு ஓதம் தெரியும். வெள்ளையடித்த சுவரில் அடியிலிருந்து ஈரம் ஏறும், உப்புப் பூக்கும், காரை பொருக்குப் பொருக்காக உதிரும். மறுபடி பூசினாலும் கொஞ்ச நாளில் அதே கதைதான்.

காரணம் எளிது. செங்கல்லில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. உப்புத் தண்ணீர் அவற்றின் வழியே மேலேறுகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு தங்கிவிடும். அது படிகமாக வளரும்போது துளைகளை நெருக்கி உடைக்கிறது.

இந்தத் தொல்லை பழையது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை அவர்களுடைய சோழமண்டலக் கரை வணிகத்தின் தலைமையிடம் இதுதான். இன்று கோட்டை இடிந்து புதராகிக் கிடக்கிறது. 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள் மட்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கின்றன.

ஒரு சுவருக்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அறிய, துண்டை வெட்டி எடுத்து, எடை போட்டு, அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடை போடுவார்கள். கல்லறையை அப்படி வெட்ட முடியுமா?

வெட்டாமல் அறியும் வழி இயற்பியலிலிருந்து வந்தது. 1946இல் அமெரிக்காவில் பிளாக், பர்செல் இருவரும் தனித்தனியே அணுக்கரு காந்த ஒத்ததிர்வைக் கண்டார்கள். 1952இல் நோபல் பரிசும் பெற்றார்கள். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களைக் காந்தப் புலத்தில் வைத்து ரேடியோ அலையால் தட்டினால் அவை பதில் சொல்லும். பதில் எவ்வளவு பலமோ, தண்ணீர் அவ்வளவு. நம் நாடும் பின்தங்கவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூரியன் 1951லேயே ஓடும் திரவங்களில் இதை அளந்து காட்டினார்.

செங்கல்லில் மட்டும் ஒரு சிக்கல். அதிலுள்ள இரும்பு அந்தப் பதிலைச் சீக்கிரமே அமுக்கிவிடும். இதைச் சமாளிக்கும் கருவியை உருவாக்கியவர்கள் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தினர். லியோ பெல்லின் 1995 ஆய்வேடு இதைப் பற்றியதே. பிறகு அங்கே தண்ணீரோடு உப்பின் சோடியத்தையும் சேர்த்து அளந்தார்கள். ஈரம் மிகுந்திருக்கும்போது உப்பு தண்ணீரோடு மேற்பரப்புக்கு வருகிறது. காயக் காய உள்ளேயே தங்கிவிடுகிறது.

1996இல் ஜெர்மனியின் ஆக்கன் நகரில், சுவரின் ஒரு பக்கத்தில் வைத்தாலே போதும் என்னும் சிறிய கருவியும் வந்தது. மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் ஆழம்தான் பார்க்கும். ஆனால் கீறல்கூட விழாது.

இதனால் குப்பத்து வீட்டுக்கு என்ன லாபம்? சுவருக்கு உள்ளே நடப்பது தெரிந்தால் வீண் செலவு புரியும். ஈரச் சுவர் மேல் சிமெண்ட் பூசினால் தண்ணீர் போகாது. வெளியேறும் வழி அடைபட்டு இன்னும் உயரே ஏறும். முதலில் அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்க வேண்டும், பிறகு மூச்சுவிடும் சுண்ணாம்புக் காரை பூச வேண்டும். வரிசை மாறினால், பூசிய காசு உப்போடு உதிரும்.