அத்திவாரத்துக்கு முன் ஓர் அறிக்கை

வலப்பனைப் பக்கம் வீடு கட்ட பிரதேச சபைக்கு வரைபடத்தோடு போனால், "என்.பி.ஆர்.ஓ. அறிக்கை எங்கே?" என்பார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கொடுக்கும் மண்சரிவு அறிக்கை அது. அது இல்லாமல் அனுமதி நகராது.

தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்களுக்கு லயம் கட்டிய காலத்தில் இப்படி யாரும் கேட்கவில்லை. மலைக்கும், வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கும் கிட்டவாக, தோட்டத்துரை கைகாட்டிய இடத்தில் வரிசை எழும்பியது.

1984இல் தொடங்கிய நிறுவனத்தை மண்சரிவின் பக்கம் திருப்பியது 1986 ஜனவரி மழை. 1990இல் ஐ.நா. உதவியோடு பதுளை, நுவரெலியா மாவட்டங்களுக்கு அபாய வரைபடம் போடத் தொடங்கினார்கள். பாறை, மண்ணின் தடிப்பு, சரிவு, நீரோட்டம், நிலப் பயன்பாடு, நில அமைப்பு என்று ஆறையும் பார்த்துப் போட்ட படம். படம் மட்டும் யாரைத் தடுக்கும்? 2007 ஜனவரியில் வலப்பனையும் ஹங்குரன்கெத்தையும் சரிந்தன. 2011 சுற்றறிக்கைதான் அபாய மாவட்டங்களில் கட்டட அனுமதியை அறிக்கையோடு முடிச்சுப்போட்டது.

சோதித்த பிறகே வேலையை நகர்த்துவது பொறியியலாளர்களுக்குப் பழைய பழக்கம். அமெரிக்க விமானப்படையின் மினிட்மேன் ஏவுகணைத் திட்டத்திலிருந்து சாமுவேல் பிலிப்ஸ் 1964இல் அப்பல்லோ நிலவுத் திட்டத்துக்கு வந்தபோது, முறையான வடிவமைப்பு மீளாய்வுகளையும் அங்கே இறுக்கினார். கட்டத்துக்குக் கட்டம் வரைபடத்தைக் குடைந்து பார்த்த பிறகே அடுத்த வேலை. நிலவுக்குப் போன கலத்துக்குக் கிடைத்த அந்த மரியாதை மலைநாட்டு வீட்டுக்குக் கிடைக்க மேலும் 47 வருடம் பிடித்தது.

அறிக்கைக்காகக் காணி பார்க்க வரும் நிறுவன அதிகாரி காணிக்கு மேலேயும் ஏறிப் பார்க்க வேண்டும். மரம் சாய்ந்திருக்கிறதா, நிலத்தில் வெடிப்பு ஓடுகிறதா, எங்கே புதிதாக ஊற்றெடுக்கிறது, மண்ணை எவ்வளவு உயரத்துக்கு வெட்டப் போகிறார்கள்? சில காணிக்கு "கட்டலாம், முதலில் கானும் அணைச்சுவரும்" என்று பதில் வரும். சிலதுக்கு ஒரேயடியாக இல்லை.

மீரியபெத்தைத் தோட்டத்துக்கும் இதே நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுத்திருந்தது. 2014 அக்டோபர் 29 காலையில் மலை லயங்களின் மேல் இறங்கியது. நிலவியல் பிழை விடவில்லை. அந்த எச்சரிக்கையை நம்பி எந்தக் கையொப்பமும் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான். என் கணக்கில் அறிக்கையின் பலம் அதில் தொங்கும் அனுமதியில்தான் இருக்கிறது.

தோட்டக் குடும்பங்களுக்கான வீட்டுத் திட்டக் காணிகளும் இந்தச் சோதனைக்குள்தான் வருகின்றன. காணி தேறாவிட்டால் தோட்டம் வேறு இடம் விட வேண்டும்; அது கொழுந்து எடுக்கும் மலையாக இருந்தால் பேச்சு இழுபடும். அதுவரை குடும்பம் பழைய லயத்தில். அங்கேயும் ஆபத்தென்று கடிதம் வரலாம். ஆனால் நிறுத்திவைக்க அனுமதி எதுவும் இல்லை. கட்டி முடித்து நூறு வருடம் தாண்டிய லயங்கள் எத்தனையோ.