நீலமும் மஞ்சளும் சேர்ந்த பச்சை: மேசைச் சிப்பாய்களின் வரலாறு

ஹாட்வெயார் கடையில் குழாய் ஒழுக்கை அடைக்க ஒரு சாமான் விற்பார்கள். இரண்டு பகுதியாக வரும். இரண்டையும் சேர்த்துப் பிசைந்து ஒழுகிற இடத்தில் அப்பிவிட்டால் கொஞ்ச நேரத்தில் கல்லு மாதிரி இறுகிவிடும். எபொக்சிப் புட்டி. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புட்டி அமெரிக்காவில் நீலமும் மஞ்சளும் அருகருகே ஒட்டிய றிபனாக விற்கப்பட்டு வந்தது. நீடடைற் என்பது அதன் பெயர். பிசைந்தால் பச்சையாகும். 1970களின் பிற்பகுதியில் இது மேசைப் போர் விளையாட்டுக்குப் பொம்மை செய்கிறவர்களின் கையில் அகப்பட்டது. அவர்கள் அதை 'கிறீன் ஸ்ரஃப்' என்று கூப்பிட்டார்கள். இன்றைக்கும் அதுதான் பெயர்.

எங்களில் கனபேருக்கு வோர்ஹமர் என்றால் கம்பியூட்டர் கேம். அதன் மூலம் ஒரு மேசை விளையாட்டு. மேசையில் குன்று, மரம், மதில் எல்லாம் செய்து வைத்து, இரண்டு பேர் ஆளுக்கொரு படையோடு எதிரெதிரே நிற்பார்கள். அளவு நாடாவால் தூரம் அளந்து சிப்பாயை நகர்த்துவார்கள், தாயக்கட்டை உருட்டிச் சண்டையைத் தீர்ப்பார்கள். சிப்பாய்கள் ஏறத்தாழ 28 மில்லிமீற்றர் உயரம். வாங்கினவரே ஒட்டி, நிறம் பூச வேண்டும். அதில் சிலர் அதோடு நிற்கமாட்டார்கள். ஒருத்தன்ர தலையை வெட்டி இன்னொருத்தன்ர கழுத்தில் வைப்பார்கள், ஈட்டியை எடுத்துவிட்டு வாள் கொடுப்பார்கள், இல்லாத போர்வையைப் புட்டியில் செய்து போர்த்துவார்கள். இதற்கு 'கொன்வேர்ஷன்' என்று பெயர். இந்த விளையாட்டின் வரலாற்றை வழக்கமாக எந்தக் கொம்பனி எந்த ஆண்டு எதை வெளியிட்டது என்றுதான் எழுதுகிறார்கள். எங்களுக்கென்றால், வெட்டி ஒட்டினவர்களின் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் இந்தக் கதை விளங்குகிறது.

யுத்தம் நடந்த நாட்டில் இருந்துகொண்டு யுத்த விளையாட்டைப் பற்றி என்ன எழுத்து என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த விளையாட்டை வளர்த்தவர்களுக்கும் அந்தக் கேள்வி இருந்தது. எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'லிற்றில் வோர்ஸ்' என்ற விதிப் புத்தகத்தை வெளியிட்டார். ஈயச் சிப்பாய்களைத் தரையில் அடுக்கி, சின்னப் பொம்மைப் பீரங்கியால் சுட்டு வீழ்த்துகிற விளையாட்டு அது. அதன் முடிவில் அவர் சொல்வது, உண்மையான யுத்தம் எவ்வளவு மடத்தனமானது என்று விளங்க இப்படி விளையாடிப் பார்த்தாலே போதும் என்பதுதான். அடுத்த வருஷம் முதலாம் உலக யுத்தம் தொடங்கியது. இங்கிலாந்தில் இந்த விளையாட்டைப் பரவலாக்கிய டொனல்ட் ஃபெதர்ஸ்ரோன் இரண்டாம் உலக யுத்தத்தில் தாங்கிப் படையில் இருந்தவர். பிறகு பிசியோதெரபிஸ்ட் ஆனார், 1962இல் 'வோர் கேம்ஸ்' எழுதினார். யுத்தத்தை நேரில் கண்ட ஆள் மாலையில் வீட்டுக்கு வந்து பொம்மைப் படை நடத்தியதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

ஃபெதர்ஸ்ரோனின் காலத்தில் பெரிய பிரச்சினை ஆள்பற்றாக்குறை, அதாவது பொம்மை ஆள். ஈயச் சிப்பாய் விலை கூட. 1959இல் எயார்ஃபிக்ஸ் கொம்பனி ஓர் அங்குலத்துக்கும் குறைவான உயரத்தில் பிளாஸ்ரிக் சிப்பாய்களைப் பெட்டி பெட்டியாக மலிவு விலையில் விற்கத் தொடங்கியது. பொடியன்களின் கைக்காசுக்கு ஒரு படையே கிடைத்தது. ஆனால் கொம்பனி எந்தப் படையை அச்சடித்ததோ அதுதான் கிடைக்கும். ரோமர் வேண்டும், நெப்போலியன் காலத்து ஒஸ்ற்றியர் வேண்டும் என்றால் இருக்கிறதை வெட்டி மாற்ற வேண்டியதுதான். அமெரிக்க உள்நாட்டு யுத்தச் சிப்பாயின் தொப்பியைச் சீவி, வேறு தலைப்பாகை கட்டி, வேறொரு நூற்றாண்டுக்கு அனுப்பினார்கள். அந்தச் சிப்பாய்கள் பொலித்தீன் வகைப் பிளாஸ்ரிக். பசை பிடிக்காது, நிறமும் உரிந்து வரும். ஆகவே ஊசியால் குத்திப் பொருத்தினார்கள், சூடாக்கின கத்தியால் உருக்கி ஒட்டினார்கள். பிளாஸ்ரிசின் களியில் உடுப்புச் செய்து மேலே வார்னிஷ் பூசியவர்களும் உண்டு. கை பட்டால் அமுங்கும்.

கடலுக்கு அப்பால் அமெரிக்காவின் விஸ்கொன்சினில், லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரில், கேரி கைகாக்ஸ் என்பவருக்கு இன்னும் பெரிய தட்டுப்பாடு. 1971இல் அவரும் ஜெஃப் பெரனும் எழுதிய 'செயின்மெயில்' விதிகளின் பின்பகுதியில் டிராகன், பூதம், மந்திரவாதி எல்லாம் வந்தன. கடையில் டிராகன் எங்கே இருக்கிறது? பிளாஸ்ரிக் டைனோசர் பொம்மை ஒன்றை எடுத்து டிராகனாக மாற்றினார். மலிவுக் கடையில் வாங்கிய, ஹொங்கொங்கில் செய்ததாயிருக்கலாம் என்று அவரே பிறகு சொன்ன, இன்னதென்று சொல்ல முடியாத மிருக பொம்மைகளும் மேசைக்கு வந்தன. அதில் ஒன்றுதான் இரும்பைத் தின்னும் 'றஸ்ற் மொன்ஸ்டர்' ஆனது. 1974இல் வந்த 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் பூதக் கூட்டத்தில் அதற்கு இன்றைக்கும் நிரந்தர இடம். பொம்மை முதலில் வந்தது, கதை பிறகு வந்தது.

இனிப் புட்டிக்கு வருவோம். ஓர் உலோக மினியேச்சர் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் அதன் அருமை விளங்கும். முதலில் சிற்பி ஒரேயொரு மூல உருவம் செய்வார். அதை இரண்டு பச்சை றப்பர் வட்டுகளுக்கு நடுவில் வைத்து, அமுக்கி, 150 பாகை செல்சியஸ் அளவில் வேகவைப்பார்கள். றப்பர் இறுகி அச்சாகும். அந்த அச்சைச் சுழற்றிக்கொண்டே உருகின ஈயக் கலவையை நடுவில் ஊற்றினால் சிப்பாய் சிப்பாயாக விழும். அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் களியும் மெழுகும் தாங்காது. அதனால் பழைய ஆட்கள் மூல உருவத்தை ஈயப்பற்றாலும் உலோகத்தாலும் கட்டிச் செதுக்கினார்கள். சூட்டுக்கோல், அரம், ஆபரணக்காரரின் பொறுமை எல்லாம் தேவை. எபொக்சிப் புட்டி வந்ததும் இது மாறியது. அது பிசையும்போது களி, இறுகினால் கல். அடுப்பு வேண்டாம், பட்டறை வேண்டாம். சமையலறை மேசையில் செய்ததை அப்படியே அச்சுக்கு அனுப்பலாம். ஒஹாயோவின் சின்சினாட்டியில் 1975இல் தொடங்கிய றல் பார்த்தா கொம்பனிக்குச் சிற்பம் செய்த ரொம் மெய்யர், இந்தப் புட்டியை மினியேச்சருக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவராகச் சொல்லப்படுகிறார். தொடங்கும்போது அவர் பள்ளிக்கூடப் பொடியன்.

புட்டியோடு வேலை செய்வது சமையல் மாதிரி, அளவிலும் நேரத்திலும் கிடக்கிறது. றிபனில் நீலமும் மஞ்சளும் தொட்டுக்கொண்டிருக்கிற நடுக்கோடு கடையில் இருக்கும்போதே கொஞ்சம் இறுகியிருக்கும். அதை வெட்டி எறியாட்டி வடிவான முகத்தின் நடுவில் மணல் மாதிரிக் கட்டி வந்து நிற்கும். மஞ்சள் கூடினால் மென்மை, நெளிவு. முகத்துக்கும் துணிக்கும் நல்லது. நீலம் கூடினால் கடினம், கூர்மை. வாளுக்கும் கவசத்துக்கும் நல்லது. பிசைந்து ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் வேலை செய்யலாம். தொடக்கத்தில் சுவிங்கம் மாதிரி எல்லாவற்றிலும் ஒட்டும், ஆகவே கருவியைத் தண்ணியில் நனைக்க வேண்டும். அரைவாசி நேரம் போனபிறகுதான் கோடு கீறினால் கோடு நிற்கும். கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை; பல் வைத்தியரின் கொக்கி, தையலூசி, கூராக்கின ஈர்க்கு.

முழு உருவம் செய்கிறவர் முதலில் கம்பியை வளைத்து எலும்புக்கூடு கட்டுவார். ஒரு தக்கையில் குத்தி நிறுத்தி, மெல்லிய புட்டியால் மூடி, இறுக விடுவார். அடுத்த நாள் தசை. அதற்கடுத்த நாள் உடுப்பு. ஒரே இருப்பில் எல்லாவற்றையும் செய்யேலாது, காலைச் செய்யும்போது விரல் பட்டுத் தலை நசியும். இரும்பு வளையக் கவசம் வேண்டுமென்றால் இறுகாத புட்டியில் ஊசி நுனியால் வரிசை வரிசையாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். தலையும் கையும் உண்மையான அளவைவிடப் பெரிதாக இருக்கும். கை நீட்டும் தூரத்தில் இருந்து பார்க்கிறவனுக்கு முகம் தெரிய வேண்டும், மெல்லிய மணிக்கட்டும் உலோகத்தில் முறியாமல் நிற்க வேண்டும். செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கையுறை போடுங்கோ. இறுகாத எபொக்சி சிலருக்குத் தோலில் ஒவ்வாமை தரும். பழைய ஈயப் பொம்மையை அராவினால் அந்தத் தூளும் நல்லதில்லை.

சமையலறை மேசையில் செய்யலாம் என்று ஆனபிறகு, மாற்றிச் செய்கிறவருக்கும் மூலம் செய்கிறவருக்கும் இடையிலிருந்த மதில் தாழ்ந்தது. இங்கிலாந்தின் நியூவார்க்கில் பிரையன் அன்செல் 1979 அளவில் தொடங்கிய சிற்றடெல் மினியேச்சர்ஸ், கேம்ஸ் வேர்க்ஷொப்போடு சேர்ந்து வளர்ந்தது. 1983இல் வோர்ஹமர் வந்தது. 1987இல் அதன் விண்வெளிப் பிள்ளையான வோர்ஹமர் 40,000. அப்போது தாங்கிக்கு மொடல் கிடையாது. 1980களின் இறுதியில் கொம்பனியின் சொந்தச் சஞ்சிகையான 'வைட் ட்வோர்ஃப்' வாசகர்களுக்குக் காட்டிய மிதக்கும் தாங்கி, டியோடரண்ட் டப்பாவில் செய்தது. கொம்பனியே குப்பையைப் பொறுக்கச் சொல்லித் தந்த காலம். அதே 1987இல் 'கோல்டன் டீமன்' போட்டியும் தொடங்கியது. நிறம் பூசும் போட்டிதான், ஆனால் அந்த மேசைகளில் கொன்வேர்ஷனும் நிமிர்ந்து நின்றது.

இந்தக் காலத்துச் சிற்பிகளில் அலன், மைக்கேல் பெரி என்ற இரட்டையர்களைச் சொல்லாமல் விட ஏலாது. 1996இல் பிரான்சின் கிறெசியில், அங்கே நடந்த மத்தியகாலச் சண்டையை மீள நடித்துக் காட்டும் நிகழ்ச்சியில் பீரங்கி விபத்து நடந்தது. அதில் மைக்கேல் வலக்கையை இழந்தார். சிற்பம் செய்த கை. ஊசி நுனியால் கண்மணி வைக்கிற தொழிலில் இதைவிட என்ன நடக்க வேண்டும்? அவர் இடக்கையால் திரும்பப் பழகினார். 2001இல் இருந்து கேம்ஸ் வேர்க்ஷொப் விற்ற 'லோர்ட் ஒஃப் த றிங்ஸ்' சிற்றுருவங்களைச் செய்ததில் இரட்டையர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதே வருஷம் சொந்தக் கொம்பனியும் தொடங்கினார்கள்.

கொம்பனி பெரிதானபோது டியோடரண்ட் டப்பாக் காலம் முடிந்தது. சப்டர்ஹவுஸ் ஸ்ரூடியோஸ் என்ற சின்ன அமெரிக்க நிறுவனம் வோர்ஹமர் சிப்பாய்களுக்குப் பொருந்தும் தோள்கவசம், தலை போன்ற மாற்று உறுப்புகளை விற்றது. 2010 டிசம்பரில் கேம்ஸ் வேர்க்ஷொப் அதன்மேல் வழக்குப் போட்டது. 2013இல் ஜூரி தந்த தீர்ப்பு கலவையானது. சில உருப்படிகளில் இவர்களுக்கு, சிலதில் அவர்களுக்கு. நட்டஈடு 25,000 டொலர். 2014இல் வந்த டைரனிட் படைப் புத்தகத்தைத் திறந்தால், கொம்பனி மொடல் விற்காத சில உயிரிகள் விதியிலிருந்தே காணாமல் போயிருந்தன. அதுவரை விதி இருந்தது, மொடல் இல்லை, ஆகவே ஆட்கள் புட்டியிலும் பிளாஸ்ரிக் முட்டையிலும் தாங்களாகவே செய்தார்கள். வழக்கின் விளைவுதான் இது என்பது விளையாடுகிறவர்கள் மத்தியில் பரவலான கருத்து. எங்களுக்கும் அதுவே சரியாகப் படுகிறது. வெற்றிடம் இருந்தால் அதை வேறொருவர் நிரப்பி விற்பார் என்று கொம்பனி பயந்தது. அந்த வெற்றிடத்தில்தான் இந்த விளையாட்டே வளர்ந்தது என்பது அதன் கணக்கில் வரவில்லை.

இப்போது பெரிய கொம்பனிகளின் மூல உருவங்கள் கம்பியூட்டரில் செதுக்கப்படுகின்றன. மலிவான றெசின் பிரிண்டர்கள் வந்தபிறகு ஒரு தலையை வாங்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம், பதிவிறக்கி அச்சடிக்கலாம். பழைய மூல உருவங்களை, புட்டியின் நிறத்தால், சிற்பிகள் 'கிறீன்' என்பார்கள். றப்பருக்குள் வெந்து வெளியே எடுக்கும்போது பல உடைந்துபோகும். தப்பினவற்றைச் சேகரிப்பவர்கள் தேடித் திரிகிறார்கள். கம்பியூட்டர் சிற்பத்துக்குக் கிறீன் என்று ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் அச்சடித்த தலையை வேறொரு உடம்பின் கழுத்தில் வைக்கும்போது ஒரு நீக்கல் விழும். அதை மூட நீலத்தில் கொஞ்சம், மஞ்சளில் கொஞ்சம் வெட்டி எடுத்து, நடுக்கோட்டை எறிந்துவிட்டு, இன்றைக்கும் பிசைகிறார்கள்.