ஸ்பாரோஸ் பாயிண்ட்: ஓர் எஃகு ஆலையும் அதன் தெருக்களும்



முதலாளியின் பெயரிலிருந்தும் முதல் உலை எரிந்த நாளிலிருந்தும் ஆலை வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். நான் தெருக்களிலிருந்து தொடங்குகிறேன். ஊரும் சேரியும் பிரிந்துகிடக்கும் நிலத்திலிருந்து வந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் பால்டிமோர் நகருக்கு அருகே, நீரோரச் சதுப்பில் 1887இல் பென்சில்வேனியா ஸ்டீல் கம்பெனி இடம் பிடித்தது. கியூபாவின் இரும்புத்தாது கப்பலில் வந்து உலை வாசலிலேயே இறங்கும் என்பது கணக்கு. ஆலையோடு ஓர் ஊரையும் கட்டியது. தெருக்களுக்குப் பெயராக ஆங்கில எழுத்துகள். முன்னெழுத்துகள் மேலாளர்களுக்கு, நடுவில் வெள்ளைத் தொழிலாளர்கள். ஓடைக்கு அப்பால், ஐ, ஜே என்ற கடைசித் தெருக்கள் கறுப்பினத்தவருக்கு.

1916இல் பெத்லஹேம் ஸ்டீல் அதை வாங்கியது. 1950களின் இறுதியில் அதுவே உலகின் மிகப்பெரிய எஃகு ஆலை. முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை.

உள்ளேயும் தெருக்கள் இருந்தன. எஃகுக்கு முதலில் கோக் வேண்டும். நிலக்கரியைக் காற்றில்லாமல் அடுப்பிலிட்டுச் சுட்டால் கோக். அதைத் தாதோடும் சுண்ணாம்புக்கல்லோடும் ஊதுஉலையில் போட்டால் இரும்பு உருகி இறங்கும். அதை எஃகாக்கி, உருட்டாலையில் தகடாக்குவார்கள். கோக் அடுப்பின் கொதிக்கும் மேல்தளத்தில் நடந்து மூடி திறப்பவர் நச்சுப்புகையில் நிற்பார். அந்த வேலை பெரும்பாலும் கறுப்பினத்தவருக்கு. நல்ல கூலியுள்ள உருட்டாலை வேலைகள் பெரும்பாலும் வெள்ளையருக்கு. பிட்ஸ்பர்க் வட்டார ஆலைகளைப் பற்றி 1971இல் வந்த ஓர் ஆய்வு, ஐந்தாண்டுக்கு மேல் மேல்தளத்திலேயே உழைத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ பத்து மடங்கு என்று கண்டது.

1941இல் தொழிற்சங்கம் வந்தது. கறுப்பினத்தவரின் வாக்கும் சேர்ந்தே அதை வெல்லவைத்தது. ஆனால் பணிமூப்பு துறைவாரியாகவே கணக்கிடப்பட்டது. கோக் அடுப்பில் இருபது வருடம் வெந்தவர் உருட்டாலைக்கு மாறினால் நேற்று சேர்ந்தவராகிவிடுவார். ஆள்குறைப்பில் முதலில் போவதும் அவர்தான். அந்த விதியில் நிறம் என்ற சொல்லே கிடையாது. சங்கமும் அதில் கையெழுத்திட்டிருந்தது. எனக்கு உறுத்துவது இதுதான்.

பம்பாய்ப் பஞ்சாலைகளில் நூற்புப் பிரிவில் வேலை பெற்ற தீண்டப்படாதோர், கூலி அதிகமான நெசவுப் பிரிவுக்குள் நுழைய முடியவில்லை. நாடாவின் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும், எச்சில் தீட்டு. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைச் சங்கத் தலைவர்களிடம் கேள்வியாக வைத்தார். நிறமும் சாதியும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. பம்பாயில் எச்சில் செய்த வேலையை பால்டிமோரில் பணிமூப்புப் பதிவேடு செய்தது என்கிறேன்.

வழக்கும் போராட்டமும் தொடர்ந்தன. ஸ்பாரோஸ் பாயிண்ட்டின் பணிமூப்பு முறையை மாற்றும்படி 1973இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை உத்தரவிட்டது. 1974 ஏப்ரலில் ஒன்பது எஃகுக் கம்பெனிகளும் சங்கமும் அரசோடு உடன்பாடு செய்தன. ஆலை முழுவதற்கும் ஒரே பணிமூப்பு. சுமார் 40,000 சிறுபான்மையினருக்கும் பெண்களுக்குமாக ஏறத்தாழ 3 கோடி டாலர் இழப்பீடு. தலைக்கு எழுநூற்றுச் சொச்சம்! வாங்குபவர் பழைய பாகுபாட்டுக்காக இனி வழக்குத் தொடரேன் என்று எழுதித்தர வேண்டும். மறுத்தவர்களும் உண்டு.

அதே ஆண்டுகளில் அந்த ஊரை இடித்தார்கள். 1978இல் புதிய ஊதுஉலை எரிந்தது. அதன் பெயர் 'எல்'. கதவு திறந்து பத்தாண்டு ஆவதற்குள் ஆள்குறைப்பு அலையலையாக வந்தது. 2001இல் பெத்லஹேம் திவாலானது. 2003இல் ஓய்வுபெற்றோரும் குடும்பத்தாருமாக ஏறத்தாழ 95,000 பேர் கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டை இழந்தார்கள். கோக் புகையைச் சுவாசித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆலை 2012இல் மூடப்பட்டது. 2015இல் 'எல்' உலையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்று அங்கே அமேசானின் கிடங்கு நிற்கிறது.