கல்லில் உறங்கிய பெயர்

எகிப்தின் தென்கோடியில் அபு சிம்பல் என்னுமிடத்தில் மலையைக் குடைந்து அமைத்த கோயில் ஒன்று உண்டு. அதன் சுவர்ச் சிற்பங்களில் தேரூர்ந்து பொரும் மன்னனைக் காண்கிறோம். அருகே, நீள்வட்டக் கோட்டுக்குள் சில சித்திர எழுத்துகள். அவ்வட்டம் அரசர் பெயருக்கே உரிய வேலி. பறவையும் மனித உருவும் எத்திசை நோக்குகின்றனவோ, அத்திசையிலிருந்தே அவ்வெழுத்தைப் படித்தல் வேண்டும்.

காலம் குறித்த கடைசிச் சித்திர எழுத்துக் கல்வெட்டு கி.பி. 394-இல் பிலே தீவில் பொறிக்கப்பட்டது. பின்னர்ப் படிப்பாரின்றி அவ்வெழுத்து ஊமையாயிற்று. 1822 செப்டம்பரில் பிரெஞ்சு அறிஞர் சாம்போலியன், அபு சிம்பல் எழுத்துகளைப் பார்த்து வரைந்த படியொன்றை ஆராய்ந்தார். முதலில் ஞாயிற்றின் வட்டம். இறுதியில் அவர் முன்பே அறிந்திருந்த 'ஸ்' ஒலிக்குறி இருமுறை. கோப்து மொழியில் ஞாயிற்றுக்குப் பெயர் 'ரே', ஈனுதல் 'மீசே'. இடைக்குறியும் விளங்கிற்று: 'ரா-மெஸ்-ஸெஸ்'. கிரேக்க நூல்கள் வழி உலகம் கேட்டிருந்த ராமெசேஸ் என்னும் பெயர் கல்லிலிருந்தே ஒலித்தது! ஞாயிறு ஈன்றவன் என்பது அதன் பொருள்.

இங்கே நாம் எண்ணத்தக்கது ஒன்று. கோப்து, பண்டை எகிப்திய மொழியின் கடைசி வடிவம். வீட்டுப் பேச்சில் அது மறைந்தபின்னும் எகிப்தியக் கிறித்தவர் தம் வழிபாட்டில் அதனை விடாது ஓதி வந்தனர். அவர்கள் கைவிட்டிருப்பின், மன்னனின் பெயருக்குப் பொருள் சொல்வார் யார்? கல் எழுத்தைக் காக்கும். ஒலியைக் காப்பது நாவே. பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் மக்களை வளர்க்கும் நாம் இதனை நெஞ்சில் இருத்துவோமாக.