1910: தூர்மாலே மலையிலிருந்து ஒரு தந்தி

எங்கள் ஆசிரியர் நண்பர்கள் சிலர் வரும் பள்ளி விடுமுறையில் மூன்று நாள் மலைப்பாதையில் மிதிவண்டிப் பயணம் செல்ல விரும்பி, திட்டம் வகுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தனர். வரலாற்றுப் பாடம் எடுப்பவனிடம் வரைபடத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? நூறாண்டு பின்னோக்கி, பிரான்சு நாட்டுப் பிரனீஸ் மலைக்கே போய்விட்டேன். மலையில் பல நாள் மிதிவண்டி ஓட்டத் திட்டமிடுவது எப்படி, எப்படித் திட்டமிடக் கூடாது என்ற இரண்டையும் அங்கே ஒருசேரக் காணலாம்.

'தூர் தெ பிரான்ஸ்' பந்தயம் 1903-இல் தொடங்கியது. 'லோத்தோ' என்னும் விளையாட்டு நாளிதழ் தன் விற்பனையைப் பெருக்குவதற்காகவே அதனை நடத்தியது. ஆசிரியர் ஆன்றி தெக்ராஞ். தொடக்க ஆண்டுகளில் பாதை பெரும்பாலும் சமநிலத்தில்தான் சென்றது. இடையிடையே சில மலைகள் வந்தன என்றாலும், 2,000 மீட்டரைத் தாண்டிய கணவாய் எதுவும் கிடையாது. ஆண்டுக்காண்டு புதுமை இல்லாவிட்டால் வாசகர்கள் சலித்துப் போவார்கள் அல்லவா? அவருடைய உதவியாளர் அல்போன்ஸ் ஸ்தெய்னெஸ் பிரனீஸ் மலையைக் கடக்கலாம் என்று வற்புறுத்தினார். தெக்ராஞ் தயங்கினார். பார்த்து வருகிறேன் என்று ஸ்தெய்னெஸ் புறப்பட்டார்.

அந்த மலைச்சாலைகளுக்குத் தனிக்கதை ஒன்று உண்டு. 1860-களில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், வெந்நீர் ஊற்று ஊர்களை ஒன்றோடொன்று இணைக்கும் சாலை உருவாக்கப்பட்டது. நோய் தீர நீராட வந்தவர்களைக் குதிரை வண்டிகள் அவ்வழியே சுமந்து சென்றன. நோயாளிகளுக்காக அமைத்த பாதையில்தான் பின்னாளில் உடல் வலிமை மிக்க இளைஞர்கள் நிலைகுலைந்து விழுந்தார்கள்!

ஸ்தெய்னெஸ் வாடகை மகிழுந்து ஒன்றில் தூர்மாலே கணவாயை நோக்கிச் சென்றார். அதன் உயரம் 2,115 மீட்டர். நம் கேமரன் மலையின் தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர். அதற்கும் மேலே இன்னும் 600 மீட்டருக்கு அதிகம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். உச்சிக்குச் சில கிலோமீட்டர் இருக்கையிலேயே பனி பாதையை மூடியிருந்தது. ஓட்டுநர் மேலே செல்ல மறுத்துத் திரும்பிவிட்டார். ஸ்தெய்னெஸ் இருட்டில் தனியாக நடந்தார், வழி தவறினார், சரிவில் விழுந்தார். மறுபுறத்துப் பரேஜ் என்னும் ஊரை அவர் அடைந்தபோது நள்ளிரவு கடந்திருந்தது. தேடிச் சென்ற ஊர்மக்கள்தாம் அவரைக் காப்பாற்றினர்.

விடிந்ததும் அவர் தெக்ராஞ்சுக்குத் தந்தி அனுப்பினார். தூர்மாலேயைக் கடந்தாயிற்று, சாலை மிக நன்று, தாராளமாகப் போகலாம் என்பது அதன் சாரம்.

இந்தத் தந்தி இன்று நகைச்சுவைக் கதையாகச் சொல்லப்படுகிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜூலை மாதத்தில் பனி உருகிவிடும். ஆகவே அவர் சொன்னது முழுப்பொய் அன்று என்று வாதிடலாம். இருக்கட்டும். பனி போனாலும் அது கல்லும் சேறும் நிறைந்த வண்டித்தடம்தான். அதைத் தம் கால்களால் அளந்து, உயிர் தப்பி வந்தவர் அவர் ஒருவரே. சாலையைப் பற்றி அறிந்திருந்த ஒரே மனிதர், அறிந்ததை மறைத்தார். மற்றவர்களின் கால்களை நம்பி அவர் வாக்குறுதி கொடுத்துவிட்டார். ஓபிஸ்க் கணவாய்ச் சாலையோ அதனினும் மோசமாக இருந்தது. அதைச் செப்பனிடப் பத்திரிகையே பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.

1910 ஜூலை 21. லூஷோன் நகரிலிருந்து பயோன் வரை 326 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்லும் தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். இடையில் பெய்ரசூர்த் (1,569 மீட்டர்), அஸ்பன் (1,489), தூர்மாலே (2,115), ஓபிஸ்க் (1,709) என நான்கு பெருங்கணவாய்கள். அதிகாலை மூன்றரை மணிக்கே வீரர்கள் புறப்பட்டார்கள். இரண்டு நாள் முன்புதான் 289 கிலோமீட்டர் ஓட்டியிருந்தார்கள்.

தூர்மாலேயில் குஸ்தாவ் கரிகூ ஒருவர்தான் இறங்காமலேயே ஏறி முடித்தார். அதற்கு 100 பிராங்கு பரிசு கிடைத்தது. மற்றவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். ஓபிஸ்க் உச்சியில் பத்திரிகையின் சார்பில் விக்டர் பிரேயர் காத்திருந்தார். தெக்ராஞ் அங்கே இல்லை. உடல்நலமில்லை என்று பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். முதலில் பிரான்சுவா லஃபூர்காத் பேச்சு மூச்சின்றிக் கடந்து போனார். நெடுநேரம் கழித்து ஒக்தாவ் லபீஸ் வந்தார். நிருவாகத்தினரைப் பார்த்துக் "கொலைகாரர்கள்!" என்று கத்தினார். ஆனாலும் அன்றையப் பிரிவில் அவரே வென்றார். ஏறத்தாழ 14 மணி நேரம் ஆயிற்று. அவ்வாண்டுப் பந்தயத்திலும் அவரே வெற்றியாளர். புறப்பட்ட 110 பேரில் பாரிசு திரும்பியவர்கள் 41 பேர்.

பத்திரிகை விற்றது. மறு ஆண்டு ஆல்ப்ஸ் மலையின் கலிபியே கணவாயும் சேர்க்கப்பட்டது.

இனி ஒரு சிறு கணக்கு. நம் மாணவர்களுக்கும் இதைக் கொடுக்கலாம். சாந்த் மாரி தெ கம்பான் என்னும் சிற்றூரிலிருந்து தூர்மாலே உச்சி 17 கிலோமீட்டர். சமநிலத்தில் அது முக்கால் மணி நேரப் பயணம். ஆனால், அந்த 17 கிலோமீட்டரில் 1,260 மீட்டருக்கு மேல் உயர வேண்டும். பழக்கமுள்ள சாதாரண ஓட்டுநர் மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் போனால் இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகும். 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஆறு அல்லது ஏழு பாகை குறையும். கீழே 25 பாகை என்றால் உச்சியில் 17-க்கும் கீழே; வியர்வையில் நனைந்த சட்டையோடு அப்படியே கீழிறங்கினால் நடுக்கம் எடுத்துவிடும். எனவே ஏறும்போது வேண்டாத மேலாடையை இறங்குவதற்காகச் சுமந்து செல்ல வேண்டும். தட்டையான வரைபடம் இவற்றில் எதையும் சொல்லாது.

இந்தக் கணக்கை அன்றே அறிந்திருந்த ஒருவர் உண்டு. பால் தெ விவி. 1853-இல் பிறந்தவர், பட்டு வணிகம் செய்தவர், 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதியவர். 1887 முதல் சாந்த் எத்தியென் நகரிலிருந்து மிதிவண்டி இதழ் ஒன்றை நடத்தினார். புலால் உண்ணாதவர். தெக்ராஞ்சும் பத்திரிகையாளர், இவரும் பத்திரிகையாளர். வேறுபாடு என்னவென்றால், வெலோசியோ தாம் எழுதிய பாதைகளில் தாமே மிதித்துச் சென்றார். பசிக்கும் முன் உண்க, தாகம் எடுக்கும் முன் பருகுக, களைப்பு முற்றும் முன் ஓய்வு கொள்க, தற்பெருமைக்காக மிதிக்காதே என்ற போக்கில் அவர் வகுத்த விதிகள் இன்றும் மலைப்பயணிகளிடையே வழங்குகின்றன. கடைசி விதிதான் கடினமானது. (எங்கள் குழுவில் அது யாருக்குப் பொருந்தும் என்று எல்லாருக்கும் தெரியும், பெயர் சொல்லமாட்டேன்.)

வெலோசியோ வலியுறுத்திய இன்னொன்று, கியர். ஏற்றத்தில் சங்கிலியைப் பெரிய பின்சக்கரப் பல்லுக்கு மாற்றினால் வண்டி மெதுவாகப் போகும். ஆனால் கால் தாங்கும். தெக்ராஞ் இதனை ஏற்கவில்லை. கியர் என்பது 45 வயதைக் கடந்தவர்களுக்கே உரியது; வெல்ல வேண்டியது தசைவலிமையே அன்றிப் பொறி அன்று என்று எழுதினார். 1910-இல் லபீசும் தோழர்களும், மலையடியில் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டித்தான் ஏற வேண்டியிருந்தது.

பிறர் உதவியும் கூடாது என்பது விதி. 1913-இல் யூஜீன் கிறிஸ்தோஃப் என்பவருக்குத் தூர்மாலேயில் முன்சக்கரக் கவை உடைந்தது. வண்டியைத் தோளில் சுமந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து சாந்த் மாரி தெ கம்பானை அடைந்து, கொல்லன் பட்டறையில் தாமே இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டினார். அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். துருத்தியை ஊத ஒரு சிறுவன் உதவினான் என்பதற்காக அவருக்குத் தண்டனை நேரம் விதித்தார்கள்! இதைப் படித்தபோது எனக்குச் சில தேர்வு அறைகள் நினைவுக்கு வந்தன.

தெக்ராஞ் 1936-இல் நோயுற்றுப் பந்தயப் பொறுப்பிலிருந்து விலகினார். 1937-இல் கியருக்கு அனுமதி கிடைத்தது; அதைப் பயன்படுத்திய ரொஜே லபெபி அவ்வாண்டு வென்றார். வெலோசியோ அதைக் காண உயிரோடு இல்லை. 1930-இல் சாந்த் எத்தியென் நகரில் டிராம் மோதி இறந்திருந்தார். லபீசோ அவருக்கும் முன்பே, 1917 ஜூலை 14 அன்று, போர்விமானியாக வானில் சுட்டு வீழ்த்தப்பட்டு மாண்டார். வயது 29.

இன்று அதே மலையைக் கடக்க விரும்பும் பொதுமக்களுக்குப் 'பிரனீஸ் நெடும்பயணம்' ஒன்று இருக்கிறது. அட்லாண்டிக் கரையின் ஆந்தாயிலிருந்து மத்தியதரைக் கடற்கரையின் செர்பேர் வரை 700 கிலோமீட்டருக்கு மேல். போ நகரத்து மிதிவண்டிக் கழகம் இதற்குச் சான்றிதழ் வழங்குகிறது. வல்லவர்களுக்கு 100 மணி நேரக் கெடு. மலையைப் பார்த்துக்கொண்டே போக விரும்புவோர்க்குப் பத்து நாள் கெடு. எங்கள் குழுவுக்கு நான் எழுதிய திட்டம் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஒரு நாளுக்கு ஒரே பெரிய ஏற்றம், அதுவும் காலையில்.

கலிபியே கணவாயில் தெக்ராஞ்சுக்கு 1949-இல் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. வெலோசியோவின் நினைவுக்கல், அவர் விரும்பி ஏறிய, சாந்த் எத்தியெனுக்கு அருகிலுள்ள 1,161 மீட்டர் உயரக் கணவாயில் நிற்கிறது. தூர்மாலே உச்சியில் இருப்பது லபீசின் நினைவாக வைத்த உலோகச் சிலை. வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி அவர் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறார். குளிர்காலத்தில் அச்சிலையைக் கீழே இறக்கிவிடுவார்கள். ஜூன் மாதத்தில் மிதிவண்டிக்காரர்கள் கூட்டமாகச் சேர்ந்து, அதனை மீண்டும் மேலே கொண்டு போய் நிறுத்துகிறார்கள்.